ஒரு டம்ளர் தேங்கிய தண்ணீர்

மைன்ஸில் எனக்கு முப்பது வருஷமாகப் பம்ப் வேலை. நிலக்கரிக்கு அடியிலிருந்து நிலத்தடி நீர் எந்நேரமும் முட்டிக்கொண்டே இருக்கும். இறைத்து வெளியே தள்ளாவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். அதனால் தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி நிற்பதைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும். மொட்டைமாடியில் மழைநீர் நின்றால்கூடத் துடைப்பத்தோடு ஏறிவிடுவேன். இந்தப் புத்திதான் போன வருஷம் என் மானத்தை வாங்கியது.

சீமந்தம் முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மகள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவதாக இருந்தாள். வீட்டைச் சரிசெய்யும் வேகத்தில் பாத்ரூம் வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கழிவுக் குழாய் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருந்தது. கழற்றிக் கவிழ்த்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. தேங்கிய தண்ணீர், அதுவும் என் வீட்டில்! பொருத்தியவனைத் திட்டிக்கொண்டே அந்த வளைவைக் கொல்லையில் வீசினேன். வடலூரில் ஒரு நேர்க் குழாய் வாங்கி வந்து மாட்டினேன். தண்ணீர் சர்ரென்று ஓடி, வெளியே இருக்கும் சாக்கடைத் தொட்டியில் விழுந்தது. மனைவியைக் கூப்பிட்டு மூன்று தடவை ஓடவிட்டுக் காட்டினேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

அன்றைக்கே லேசாக வாடை அடித்தது. புது ரப்பர் வாசம் என்று சொல்லி வைத்தேன்.

மகள் வந்த மறுநாள் காலை பல் துலக்கப் போனவள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னப்பா இது, நாத்தம் கொடலப் புடுங்குது!"

அன்று தொடங்கியது போர். சோடா உப்பைப் போட்டு வினிகரை ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி அடங்கியது. பினாயில், அந்துருண்டை, எலுமிச்சைத் தோல் எதையும் விடவில்லை. நாற்றம் போகவில்லை, எலுமிச்சை தேய்த்துக் குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. மனைவி மட்டும், "குழாய மாத்துனதுலேருந்துதான்" என்று முணுமுணுத்தாள். நான் காதில் வாங்கவில்லை. தண்ணீரைப் பற்றி எனக்கா பாடம்?

நான்காம் நாள் மகள் பையில் துணிகளை அடுக்கினாள்.

"கோச்சிக்காதப்பா. மூணு நாளா ஒரு வாய் சோறு உள்ள தங்கல. நான் அத்தை வீட்டுக்கே போறேன்."

கல்யாணமாகிப் போனபின் அவள் எங்களோடு சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இருந்ததில்லை. பிரசவத்தைச் சாக்கிட்டாவது மூன்று மாசம் இருப்பாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, ஆத்திரத்தை மட்டும் மெயின்டனன்ஸ் ஆபீசில் கொண்டுபோய்க் கொட்டினேன். வெளியே சாக்கடை அடைத்திருக்கிறது, உங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா என்று கத்தினேன்.

மத்தியானமே ஒரு கான்ட்ராக்ட் பிளம்பர் வந்தார். குள்ளஞ்சாவடிக்காரர். நான் பின்னால் நின்று சாக்கடையின் குறைகளை விளக்கிக்கொண்டிருக்க, அவர் பேசினுக்கு அடியில் தலையை விட்டார்.

"எந்த மடப்பய சார் இத்த நேரா வுட்டது?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"வளைவுல கொஞ்சம் தண்ணி நின்னுகினு இருக்கணும்ங்க. அதாங்க மூடி. அது இருந்தா சாக்கடக் காத்து மேல ஏறாது. இப்ப தொட்டிக்கும் உங்க மூக்குக்கும் நேரா ரோடு போட்டு வெச்சிருக்காங்க."

மனைவி வாசற்படியில் நின்று, "எங்களுக்கு முன்ன இருந்தவங்க வேலையா இருக்கும்" என்றாள். பதினாலு வருஷமாக நாங்கள்தான் அந்த வீட்டில் இருக்கிறோம். குழாயில் ஒட்டிய விலைச் சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

கொல்லையில் கிடந்த பழைய வளைவை நானே பொறுக்கி வந்து, கழுவிக் கொடுத்தேன். அவர் அதை மாட்டி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்.

சாயங்காலம் மகள் முகம் கழுவப் போனாள். நான் அவள் பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவள் பையைத் தூக்கினாள். நேரே பீரோவிடம் போய்ப் பையைத் திறந்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"நமக்கு முன்ன இந்த வீட்டுல இருந்தவரு மைன்ஸுல பம்ப் ஆபரேட்டராப்பா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவியும் சேர்ந்துகொண்டாள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், வளைவில் தண்ணீர் நிற்கட்டும் என்று பேசினில் ஒரு டம்ளர் ஊற்றினேன். உள்ளறையில் மகள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.