வியாழக்கிழமை வாங்கோ

மகள் பிந்தித்தான் நடக்கத் தொடங்கினாள். ஊரில் பிறந்து, கைக்குழந்தையாக எங்களோடு லண்டனுக்கு வந்தவள். நடந்தபோது இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

"குழந்தையள் எண்டா அப்பிடித்தான் நடக்குங்கள்" என்றார் கணவர். நானும் அதை நம்பத்தான் விரும்பினேன். ஒருநாள் குளிக்க வார்த்துவிட்டு அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, கால்களை மடக்கி, இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பிடித்தேன். முழங்கால்கள் ஒரே மட்டத்துக்கு வரவில்லை. இடது கால் கட்டையாக இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பிள்ளையைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசி அது. ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கீழறையில் இருந்த அண்ணை எங்களுக்கு முந்தி வந்தவர். அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தோம். அவர் அக்கறையோடுதான் சொன்னார்: "கேஸ் முடியுமட்டும் கவுன்மென்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதேங்கோ. பேரைப் பதிஞ்சால் பிறகு கரைச்சல்."

அதனால் எந்த டொக்டரிடமும் நாங்கள் பதிந்திருக்கவில்லை. காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றும் பாணிதான். காலுக்குப் பாணி இல்லையே.

கணவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தார். முதலாளிக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்த எலும்பு டொக்டர் ஒருவர் இருந்தார், வெள்ளைக்காரர். அவருடைய தனியார் கிளினிக்குக்கு முதலாளியே போன் பண்ணி நேரம் எடுத்துத் தந்தார். கம்பளம் விரித்த அந்த அறையைப் பார்த்ததும் நான் சப்பாத்தைக் கழற்றப் போனேன். கணவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

டொக்டர் நல்ல உயரம். பிள்ளையைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கினார். அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். கால்களை மடக்கி விரித்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சப் பலகையில் மாட்டி, விரலால் காட்டினார். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் இல்லை. விலகி வெளியே நின்றது. பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். ஒப்பரேசன் செய்து உள்ளே வைக்கவேண்டும், இனியும் பிந்தக்கூடாது என்றார்.

கணவர் செலவைப் பற்றிக் கேட்டார். டொக்டர் திருப்பி ஏதோ கேட்டார். கணவர் எங்கள் நிலைமையை உள்ளபடி சொன்னார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார், அந்த இங்கிலீசு எனக்கு விளங்கவில்லை. கணவரின் முகம் மாறியது. நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னவாம்? செய்ய ஏலாதாமோ?"

"இல்லையப்பா. இஞ்சை செய்யமாட்டாராம். வியாழக்கிழமையளிலை கவுன்மென்ட் ஆஸ்பத்திரியிலை இருக்கிறாராம். அங்கை வரட்டாம். காசு ஒண்டும் கட்டத் தேவையில்லையாம்."

"விசா இல்லையெண்டு சொன்னீங்களோ?"

"சொன்னனான். கேஸ் போட்டிருக்கிற ஆக்களுக்கும் உரிமை இருக்காம். அங்கையும் வெட்டுறது இதே கைதான் எண்டு சொல்லுறார்."

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் அந்த இடத்தில் தன் இரண்டு கைகளையும் எனக்கு விரித்துக் காட்டினார். நான் அழுதுவிட்டேன். காசு கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு குடும்ப டொக்டரின் கடிதம் வேண்டும். ஹை ஸ்ட்ரீட்டில் ஓர் இந்தியத் தமிழ் டொக்டரம்மா இருந்தார். அவர் மகளை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா இவ்வளவு நாள் வரலை?"

"பதிஞ்சால் பிடிச்சு அனுப்பிப் போடுவினம் எண்டு பயம், டொக்டர்."

"நாங்க டாக்டருங்கம்மா. போலீஸ் இல்ல. உக்காருங்க, இப்பவே எழுதித் தர்றேன்."

சில மாதங்கள் காத்திருந்தோம். ஒப்பரேசன் அன்று, கதவைத் திறந்து வந்த டொக்டர் தூரத்திலேயே பெருவிரலை உயர்த்திக் காட்டினார். மகளுக்கு நெஞ்சுக்குக் கீழே இருந்து கால் விரல்கள் வரை பிளாஸ்டர் மாக்கட்டு, கால்கள் இரண்டும் தவளைபோல அகன்றபடி. எந்தச் சட்டையும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் பக்கவாட்டில் வெட்டி, அமத்துப் பொத்தான் வைத்துத் தைத்தேன். தள்ளுவண்டியிலும் அவளை இருத்த முடியவில்லை. கீழறை அண்ணைதான் எங்கிருந்தோ ஒரு பலகை கொண்டுவந்து, வண்டியின் மேல் குறுக்கே பூட்டி, குஷன் வைத்துக் கட்டித் தந்தார்.

"நான் கேள்விப்பட்டதைத்தான் சொன்னனான், தங்கச்சி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"எங்களுக்கும் அப்பிடித்தானே அண்ணை தெரிஞ்சது" என்றேன். எனக்கு அவரில் கோபமே வரவில்லை.

மாதங்கள் கழித்து மாக்கட்டை மின்சார வாளால் அறுத்தபோது அவள் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே இருந்த கால்கள் மெலிந்து, தோல் உரிந்து கிடந்தன. வீட்டில் சோபாவைப் பிடித்து எழும்பினாள், விழுந்தாள், எழும்பினாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, டொக்டர் அவளை ஆஸ்பத்திரி நடைவழியில் நடக்கச் சொன்னார். அவள் நடக்கவில்லை, நர்ஸ்மாரின் மேசை வரைக்கும் ஓடினாள். சாயாமல் ஓடினாள். டொக்டர் சிரித்துக்கொண்டு, இனி வருசத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன் சீட் கிடைத்தது. மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தெருவைப் பார்த்தாள். கணவர் என் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்கிவிட்டார். அப்படி அவர் தூங்கி எவ்வளவோ காலம். எங்கள் தரிப்பிடம் வந்தது, போனது. நான் அவரை எழுப்பவில்லை.