மேடையில் ஒரு முதுகு

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவில், சிறப்பு விருந்தினருக்கு நேர் எதிரே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசி வரை திரும்பவில்லை. அவரை அழைத்து வந்தவள் நான். ஆகவே இந்த வாரப் பத்திக்கு வேறு பொருள் தேடும் சிரமம் நேரவில்லை!

அவர் பெயர் பெரியண்ணன். கொல்லிமலைக்காரர். மத்தளம் அவருடையது, உடன் ஒரு குழல், இரண்டு தாளம்... அவ்வளவுதான் குழு. மலைக்கோயில் திருவிழாவில் அவர்களைக் கேட்டது முதல், இந்த இசை எங்கள் மேடையிலும் ஒலிக்க வேண்டும் என்று மன்றச் செயலாளர் சுலோசனாவிடம் சொல்லிவந்தேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. அதனாலேயே அவள் இணங்கியிருக்கக்கூடும். ஆனால் ஒரு நிபந்தனை - "எடுபடலைன்னா உடனே திரையை இழுத்துடுவேன். மெல்லிசைக் குழு ரெடியா இருக்கு."

பெரியண்ணனுக்கு வேறு கவலை. அவர் மகள் செல்லம்மாள் ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மாமியார் அவர் வாசித்துப் பார்த்ததே இல்லை. "சம்பந்தியம்மா மொதத் தடவையா வந்திருக்காங்க சாமி. எம் மொகம் நல்லாத் தெரியற எடமாப் பாத்து உக்கார வையி" என்றார். மாமியாரையும் செல்லம்மாளையும் முதல் வரிசையில் அமர்த்தினேன்.

திரை விலகியது. சுலோசனா சொல்லிவைத்தபடி நால்வரும் சபையைப் பார்த்து வரிசையாக நின்று வாசித்தார்கள்.

வாசிப்பா அது? குழல் ஒரு பக்கம் போயிற்று. மத்தளம் இன்னொரு பக்கம். தாளக்காரர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிறுத்தியே விட்டார்கள். பின்வரிசையில் சிரிப்பு. சுலோசனாவின் கை திரைக் கயிற்றுக்குப் போனது.

மேடை ஓரத்திலிருந்த நான் அவரை நெருங்கிக் கேட்டேன் - "மலையில எப்படிங்க நிப்பீங்க?"

"வட்டமாத்தான் சாமி. எங் காலப் பாத்துத்தான் இவனுங்க வாசிப்பானுங்க. ஆனா மத்தளக்காரன் மலையப் பாத்து நிக்கோணும். அது எங்க பழக்கம்."

எங்கள் கல்லூரியில் கொல்லிமலை இருப்பது மேடைக்கு நேர் பின்னால். அதாவது, சம்பந்தியம்மாளுக்குக் கிடைக்கப்போவது முதுகு மட்டும்.

பெரியண்ணன் முதல் வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி நின்றார். மற்ற மூவரும் அவரைச் சுற்றி வளைந்தார்கள்.

"ஏனுங்க, மைக்க எங்கீங்க வெக்கிறது?" என்று பதறினார் மைக்செட்காரர்.

"நடுவுல வையுங்க" என்றேன். அவ்வளவு உரத்த குரல் எனக்கு உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

பின்னர் எழுந்ததுதான் நான் மலையில் கேட்ட இசை! குழல் மேலேறிப் போக, மத்தளம் கீழே நிதானமாகக் காத்திருந்து, அது இறங்கும் இடத்தில் சரியாக வந்து சேர்ந்துகொண்டது. சிரித்த பின்வரிசை இப்போது கை தட்டியது. சுலோசனா கயிற்றை விட்டாள்.

மாமியாருக்கு மட்டும் சமாதானம் இல்லை. "ஏம்புள்ள, உங்கொப்பாரு இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாராக்கும்? முதுகப் பாக்கவா பஸ் ஏறி வந்தோம்?"

"அந்த எடது தோளப் பாருங்கத்தே. அது ஏறுனா அடி மாறும்."

தோள் ஏறியது. அடி மாறியது.

"அட!" என்றார் மாமியார். அடுத்த முறை மருமகளை முந்திக்கொண்டார் - "இதா, ஏறுது பாரு!"

நிகழ்ச்சி முடிந்ததும் பெரியண்ணன் கீழே வந்து தயங்கி நின்றார். "மொகங்காட்டாம நின்னுபோட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

"மொகத்தத்தான் கல்யாணத்துலயே பாத்தாச்சுங்களே! தோளு இந்தப் பேச்சுப் பேசும்னு இன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுது" என்றார் சம்பந்தியம்மாள். செல்லம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

குரூப் போட்டோவில் முகம் மறைந்துவிடக் கூடாதென்று நாம் எத்தனை பேரின் தோளை இடிக்கிறோம்! வேலையில் ஆழ்ந்தவருக்கு முகத்தைப் பற்றி நினைக்க ஏது நேரம்?

அடுத்த ஆண்டு விழாவில் மேடையே வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். வட்டத்தில் முதல் வரிசை எது என்று சுலோசனா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்!