கணப்படுப்பைச் சுற்றி இரண்டு விரல்

பலகை குறைந்தது

கூடத்துத் தரையில் ஆறாவது பலகையைத் தள்ளிப் பொருத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். பலகைக்கும் கணப்படுப்பின் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போகும் அளவுக்கு இடைவெளி. சுவர் ஓரத்துப் பலகை கல்லோடு ஒட்டி நின்றது. அடுத்தடுத்த பலகைகளில் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்துகொண்டே வந்தது. ஆறு பலகையையும் நான்தான் ஒரே அளவில் அறுத்திருந்தேன். அறுத்த தேக்கை ஒட்ட வைக்க எந்த ஆசாரிக்கும் தெரியாது.

யுத்த காலம் அது. பர்மாத் தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. ரெட்டியார் முன்பே வாங்கிப் போட்டிருந்த தேக்கில் அந்தக் கூடத்துக்கு எண்ணிவைத்தாற்போலத்தான் பலகை இருந்தது.

ரெட்டியார் திருத்தணியில் எண்ணெய் ஆலை வைத்திருந்தவர். ஒரு கோடையில் ஊட்டிக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தார். தங்கிய பங்களாவில் பலகைத் தரையும், சுவருக்குள் விறகு எரியும் கணப்படுப்பும் இருந்தனவாம். ஊருக்கு வந்ததும் அரக்கோணம் சாலையில் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டிலும் அதே போல வேண்டும் என்றார். திருத்தணியில் சித்திரை மாதம் மலைப்படியில் கால் வைத்தால் கால் பொரிந்துவிடும். அந்த ஊரில் குளிர்காய ஒரு அடுப்பு. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறு மாத வேலை அது, எனக்கென்ன வந்தது?

அடுப்பைக் கட்டியவர் அரக்கோணத்துக் காதர் பாய். நல்ல கொத்தனார். அதிகம் பேசமாட்டார். நெருப்புத் துண்டு சிதறினால் பலகையில் விழாமல் இருக்க, அடுப்புக்கு முன்னால் தரையில் ஒரு பெரிய கருங்கல் பதிப்பார்கள். முன்கல் என்போம். அதையும் அவர்தான் பதித்திருந்தார். மூலைமட்டத்தை எடுத்து வந்து சுவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். கல் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது.

எனக்குப் பயம் போய்ச் சந்தோஷம் வந்தது. பழி போட ஆள் கிடைத்துவிட்டது.

யார் குற்றம்

ரெட்டியார் வந்தார். இடைவெளியில் கைத்தடியை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"என்னாய்யா இது, ஆசாரி? எலி குடும்பத்தோட குடியிருக்கும் போலக்கீதே."

"பலகையில தப்பில்ல நைனா. கல்லு கோணலா கீது. பாய் சரியா பாக்காம வச்சிட்டாரு."

இதைச் சொல்லும்போது நான் பாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பின்பக்கம் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். ரெட்டியார் அவரைக் கூப்பிட்டு, இனி இந்த வீட்டு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எடுத்த எடுப்பில் அவ்வளவு தூரம் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போறேன் மொதலாளி. ஆனா கல்ல நான் நேராத்தான் வச்சேன். ஜோசியர இட்டுகினு வந்தீங்களே, நெருப்பு அக்கினி மூலைய பாக்கணும், கொஞ்சம் திருப்பி வைன்னு அவரு சொன்னாரு. நீங்களும் ஆங், திருப்புன்னீங்க. பேத்து எடுத்து ரெண்டாந்தரம் வச்சேன்."

ரெட்டியார் மேலே உத்தரத்தைப் பார்த்தார். உத்தரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது காது சிவந்ததிலேயே தெரிந்தது. உடனே என் பக்கம் திரும்பினார்.

"கல்லு கோணலா இருந்தா உனக்குக் கண்ணு எங்க போச்சு? அளந்துதானே அறுக்கணும்?"

சுவரோரத்தில் ஒரே ஒரு இடத்தில் அளந்துவிட்டு ஆறு பலகையையும் அறுத்திருந்தேன். இதற்குப் பிறகும் மழுப்ப முடியவில்லை.

"தப்பு என்னுதுதான் நைனா. பாய் மேல போட்டது அதவிடப் பெரிய தப்பு. அவர அனுப்பாதீங்க."

ரெட்டியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இருங்க. சித்திரை மொத வாரம் கிரகப்பிரவேசம். என்னா செய்வீங்களோ தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜோசியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சட்டம்

அன்று முழுக்க அந்தக் கல்லின் எதிரில் குந்திக்கொண்டிருந்தேன். கல் சுவருக்குத்தான் கோணல். தன்னளவில் நான்கு மூலையும் சுத்தமான சதுரம். அப்படியானால் பலகையைக் கல்லோடு நேராகச் சேர்ப்பானேன்? கல்லைச் சுற்றி மூன்று பக்கமும் நாலங்குல அகலத்தில் ஒரு சட்டம் போட்டு, பலகைகளைச் சட்டத்தோடு சேர்த்தால் போதும். குறைந்துபோன பலகைகளை இன்னும் கொஞ்சம் அறுக்கத்தான் வேண்டும். குறை சட்டத்துக்குள் மறைந்துவிடும்.

சட்டத்துக்கு மரம் இல்லை. ரெட்டியார் ஒரு யோசனை சொன்னார்.

"ஆலையில பழைய செக்குக் கட்டை கெடக்குது. அறுத்துக்கோ."

"அது வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்ச கட்டைங்க. நெருப்பு பக்கத்துல வச்சா வீடே பத்திக்கும்."

"இந்த ஊர்ல எவன்யா நெருப்பு மூட்டப் போறான்?"

ஆறு மாதத்தில் அந்தக் கணப்படுப்பைப் பற்றி அவர் பேசிய முதல் உண்மை அது. சொன்ன பிறகு அவரே சிரித்துவிட்டார்.

கடைசியில் மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த வேங்கைக் கதவு ஒன்றைக் கொடுத்தார். அதை அறுத்து, முன்பக்க மூலை இரண்டையும் சாய்வாக வெட்டிச் சேர்த்தேன். கல்லின் ஓரம் கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தது. கவராயத்தின் ஒரு காலைக் கல்லின் மேல் ஓட்டி, மறு காலால் மரத்தில் கோடு கீறி, அந்தக் கோட்டின்படி செதுக்கினேன். பாயும் கூடவே உட்கார்ந்து, கல் துருத்திய இடத்தை எல்லாம் உளியால் தட்டிக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அந்தப் பக்கம் புடி ஆசாரி, ஆடுது," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களில் ஒருவர் கணப்படுப்பு எரிவதைப் பார்க்க ஆசைப்பட்டார். ரெட்டியாரால் மறுக்க முடியவில்லை. நான்கு விறகு எரிந்ததும் பட்டுச் சேலைகள் முதலில் வெளியேறின. பிறகு ஜரிகை அங்கவஸ்திரங்கள். ஜோசியர் எல்லோருக்கும் முன்னால் மாமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். கூடத்தில் மிஞ்சியது நானும் பாயும்தான். அவர் குனிந்து சட்டமும் கல்லும் சேரும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் மாட்டவில்லை.

"கல்லு திரும்பி கீதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்," என்றேன்.

"நீ கேக்கவே இல்லியே," என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் வேலை செய்தேன். அளவுகோலை இரண்டு முனையிலும் நடுவிலும் வைக்காமல் ஒரு பலகையும் அறுத்ததில்லை. ஆனால் அதற்கும் முன்னால், எனக்கு முந்தி அங்கே வேலை செய்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு போய், "எங்கெங்க கோணல் கீது?" என்று கேட்பேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்வார்கள்.