லொட் முப்பத்தொன்று: ஆறு ஏக்கர் ஓக் காடு

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கிரஹாம் எனக்கு மேசையையோ கதிரையையோ காட்டவில்லை. நேரே ஏலம் நடக்கும் ஹோட்டல் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஏலக் கம்பெனியில் கிராமப்புறக் காணிப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. பின்வரிசையில் என்னை நிறுத்தி, "வசந்தி, இதற்குள் யார் எங்கள் கிளையன்ற்?" என்று கேட்டார். வாடிக்கையாளர் என்றால் எல்லாரும்தான் என்று நினைத்து, நான் மண்டபத்தில் இருந்த எல்லாரையும் காட்டினேன்.

"ஒருவருமில்லை," என்றார். "விற்கிறவர்தான் எங்கள் கிளையன்ற். வாங்க வருகிறவரோடு மரியாதையாகப் பழகுங்கள். புத்தி மட்டும் சொல்ல வேண்டாம். சொன்னது பிழைத்தால் வழக்கு எங்கள் மேல் வரும்."

அந்தக் கந்தோரில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். இப்போது எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பலர் காணி அளக்கிற சேவையராகவும் சட்டத் தாள்களைப் பார்க்கிற சொலிசிற்றராகவும் இந்தத் தொழிலுக்குள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் நன்றாகச் செய்த வேலைகளும் உண்டு. அவற்றை எழுதிப் பயனில்லை.

லண்டனுக்கு வெளியே இருக்கும் கவுண்டி கவுன்சில்கள் என்கிற மாவட்ட சபைகளுக்குச் சொந்தமாக வயல்கள், குத்தகைப் பண்ணைகள், சின்னச் சின்னக் காடுகள் என்று நிறையக் காணி இருக்கிறது. கையில் காசு தட்டுப்படும்போது அவற்றைத் துண்டு துண்டாக ஏலத்துக்கு விடுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு லொட். வாங்கக்கூடிய ஆக்கள் லண்டனில் இருப்பதால் ஏலமும் லண்டனில்தான் நடக்கும். நான் போய் இடத்தைப் பார்ப்பேன், படம் எடுப்பேன், ஏலப் பட்டியலான கற்றலொக்குக்கு விவரம் எழுதுவேன், லீகல் பாக்கைச் சேர்ப்பேன். லீகல் பாக் என்றால் காணி உறுதி, வரைபடம், கவுன்சில் தடைகள் என்று அந்தக் காணி சம்பந்தப்பட்ட எல்லாத் தாளும். சிலவேளை நூறு பக்கத்தைத் தாண்டும்.

வீடு வாங்குகிறவருக்கு வீட்டின் குறை சுவரிலேயே தெரியும். காட்டின் குறை தாளில்தான் இருக்கும்.

2. காடு பார்க்கப் போனது

லொட் முப்பத்தொன்று ஆறு ஏக்கர் காடு. கவுண்டியின் காணி அலுவலர் கேற்றைத் திறந்து என்னை உள்ளே கூட்டிப் போனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சப்பாத்து சேற்றில் புதைந்தது. நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் ஓக். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத அடிமரங்கள்.

"நல்ல மரம்," என்றேன்.

"நல்ல மரம்தான், ஆனால் ஒன்றையும் தொட ஏலாது," என்றார் அவர். "உள்ளூர்க் கவுன்சில் முழுக் காட்டுக்கும் ரி.பி.ஓ. போட்டிருக்கிறது. ஒரு கொப்பு வெட்டுவதென்றாலும் எழுதிக் கேட்க வேண்டும். வீடு கட்டுகிற கதையே இல்லை."

ரி.பி.ஓ. என்பது மரப் பாதுகாப்புத் தடை. அதை மீறி வெட்டினால் கோர்ட்டுக்குப் போக வேண்டிவரும். "இதைக் கற்றலொக்கில் போடட்டுமா?" என்று கேட்டேன். "பாக்கில் இருக்கிறதுதானே," என்றார்.

திரும்பி வந்து விவரம் எழுதினேன். அந்த வசனம் இன்றும் எனக்குப் பாடம்: "முதிர்ந்த ஓக் மரங்கள் நிறைந்த வனப்பான காடு, பொழுதுபோக்குக்கும் மர வளத்துக்கும் ஏற்றது, தேவையான அனுமதிகளுக்கு உட்பட்டு வேறு பயன்பாடுகளுக்கும் வாய்ப்புண்டு." இதில் ஒரு பொய்யும் இல்லை. அனுமதி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அது தெரியாதவர்போல எழுதுவதுதான் அந்த வசனத்தின் கெட்டித்தனம். கிரஹாம் வாசித்துவிட்டு, "உங்கள் இங்கிலீஷ் இப்போது என்னுடையதை விட நல்லது," என்றார். மனோர் பார்க்கில் வாடகை அறையில் இருந்துகொண்டு பின்னேர வகுப்புக்குப் போய் அந்த மொழியைப் படித்தவள் நான். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ரி.பி.ஓ. தாள் பாக்கில் தொண்ணூறாம் பக்கத்துக்கு அங்கால் போனது. அடுக்கியதும் நான்தான்.

3. ஏலத்தன்று

ஏலம் தொடங்க முன்னர் நான் வாசல் மேசையில் நிற்பேன். கற்றலொக் கொடுப்பதும் பதிவு செய்வதும் என் வேலை. அன்று ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சேட்டு, கையில் வேலை செய்கிறவரின் தழும்பு. மனைவி சேலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டிருந்தார். தெற்கு லண்டன் சட்டனில் இருந்து வந்திருந்தார்கள் என்பதைப் பதிவுத்தாளில் பார்த்தேன். பெயர் யோகராசா.

"தங்கச்சி தமிழோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை," என்றேன், மெல்லமாக.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நல்லதாப் போச்சு. இந்த முப்பத்தொண்டாம் லொட்டைப் பற்றி ஒண்டு கேக்கவேணும். நான் ஜேர்மனியில பதினாறு வருசம் மரம் அரியிற காலையில வேலை செய்தனான். மரம் எனக்குத் தெரியும். இஞ்ச இப்ப கிச்சின் பொருத்திற வேலை. உந்தக் காட்டை வாங்கி, கொஞ்ச மரத்தை வெட்டி, அந்த மரத்திலயே ஒரு சின்ன வீடு போடலாம் எண்டு யோசிக்கிறன். நானே அரிவன், நானே பூட்டுவன். ஏலும்தானே?"

கிரஹாம் எனக்கு இரண்டு முழம் தள்ளி நின்றார். அதற்கு முந்திய வருடம் வேறொரு ஏலத்தில் நான் ஒரு தமிழரோடு தமிழில் இரண்டு வார்த்தை கதைத்தேன். அந்த லொட்டைத் தவறவிட்ட ஒருவர், நான் என் ஆளுக்கு இரகசியம் சொன்னதாக முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். விசாரணையில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மண்டபத்துக்குள் எங்கள் ஆக்களைக் கண்டால் எனக்கு முதுகு விறைக்கும்.

நான் அவருக்கு இங்கிலீஷில் பதில் சொன்னேன். எல்லா விவரமும் லீகல் பாக்கில் இருக்கிறது, தயவுசெய்து ஒரு சொலிசிற்றரிடம் ஆலோசனை பெறுங்கள் என்ற வழக்கமான வசனம்.

அவர் கொஞ்சம் சுருங்கிப் போனார். மனைவி, "என்னவாம்?" என்று கேட்டார்.

"எல்லாம் அந்தப் புத்தகத்தில இருக்காம். அப்ப பிரச்சினை இல்லைப் போல," என்றார் அவர். எனக்கு அது கேட்டது.

லொட் முப்பத்தொன்று வந்தபோது மூன்று பேர் கேட்டார்கள். கடைசியில் யோகராசா அண்ணையின் கை மட்டும் உயர்ந்து நின்றது. சுத்தியல் விழுந்தது. ஏலத்தில் சுத்தியல் விழுந்தால் ஒப்பந்தம் முடிந்தமாதிரி, பின்வாங்க ஏலாது.

கையெழுத்து வாங்கியதும் நான்தான். அப்போது கிரஹாம் மேடையில் நின்றார், பக்கத்தில் எவருமில்லை. வாங்கியதை மாற்ற ஏலாதுதான். ஆனால், "அண்ணை, வெட்ட முதல் கவுன்சிலிட்ட ஒருக்கால் கேளுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடையில்லை. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். இவருடைய சொலிசிற்றர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.

4. போன் வந்தது

அடுத்த மார்கழி முடிந்து கொஞ்ச நாளில் கந்தோருக்குப் போன் வந்தது. யோகராசா அண்ணையின் மனைவி மலர் அக்கா.

"தங்கச்சி, இந்த நம்பர் அந்தத் தாளில இருந்தது. காட்டுக்குள்ள கவுன்சில் ஆக்கள் வந்து நிக்கினமாம். இவரை மரம் வெட்டினதெண்டு கேள்வி கேக்கினமாம். எங்கட காணியில எங்கட மரத்தைத்தானே வெட்டினவர்?"

"எத்தினை மரம் அக்கா?"

"பதினொண்டு."

போனை வைத்துவிட்டுக் கிரஹாமிடம் போனேன். அவர் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "நாங்கள் ஒரு பிழையும் விடவில்லை, வசந்தி. எல்லாம் பாக்கில் இருக்கிறது," என்றார். அது உண்மை. ஃபைல் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை சட்டனுக்குப் போனேன். நெருக்கமான வரிசை வீடு. முன்னறையில் யோகராசா அண்ணை இருந்தார். மேசையில் ஒரு கொப்பியில் மரவீட்டின் படம் கீறியிருந்தார். எந்தப் பலகை எந்த மரத்தில் இருந்து வரும் என்றுகூடக் குறித்திருந்தார். சொலிசிற்றர் யாரென்று கேட்டேன். தெரிந்த ஒருவர் மலிவாகப் பதிவை மட்டும் செய்து கொடுத்தாராம். ஏலத்துக்கு முன் பாக்கை ஒருவருக்கும் காட்டவில்லை.

"ஜேர்மனியில லொறியில மரம் வந்து இறங்கும்," என்றார் அவர். "நாங்கள் அரிவம். அது எங்க நிண்டது, ஆரைக் கேட்டு வெட்டினது எண்டு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை."

மலர் அக்கா குசினியில் கேத்திலைப் போட்டுவிட்டு வந்து இருந்தார். "இவர் அண்டைக்கு விலை கேக்க முதல் பின்வாங்கப் பாத்தவர்," என்றார். "நான்தான் சொன்னனான், எங்கட பிள்ளை ஒண்டு அங்க வேலை செய்யுது, பிழையெண்டால் சொல்லாமல் விட்டிருக்குமோ எண்டு."

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. "அக்கா, எனக்குத் தெரியும்," என்றேன். "மரம் வெட்டேலாது, வீடு கட்டேலாது எண்டு அண்டைக்கே தெரியும்."

குசினியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. மலர் அக்கா எழும்பிப் போய்க் கேத்திலை நிற்பாட்டினார். திரும்பி அறைக்குள் வரவில்லை. எங்கள் ஆக்களின் வீட்டில் தேத்தண்ணி இல்லாமல் நான் எழும்பி வந்தது அன்று மட்டும்தான்.

5. கடிதம்

கவுன்சில் யோகராசா அண்ணை மேல் வழக்குப் போட்டது. நடந்ததை எழுதி அவருடைய வழக்கறிஞருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று கிரஹாமிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "கம்பெனித் தாளில் எழுத வேண்டாம். உங்கள் பெயரில் எழுதுங்கள்," என்றார்.

எழுதினேன். யோகராசா அண்ணை என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று மூன்றும் எழுதினேன். கோர்ட்டில் அதை வாசித்தார்கள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பாக்கை வாசிப்பது வாங்கியவரின் கடமை என்றார்கள். தண்டம் விதித்தார்கள். வெட்டிய மரங்களுக்குப் பதிலாகக் கன்றுகள் நட்டுப் பராமரிக்க வேண்டும் என்றும் கட்டளை போட்டார்கள். தண்டம் கட்ட யோகராசா அண்ணை அந்தக் காட்டை விற்கப் பார்த்தார், எடுப்பாரில்லை. கடைசியில் சட்டன் வீட்டை விற்று, வட லண்டன் எட்மண்டனில் மகளின் வீட்டு மேலறைக்குப் போனார்கள்.

கந்தோரில் நான் ஒன்றை மாற்றினேன். ரி.பி.ஓ. இருக்கும் காட்டுக்கு, விவரத்தின் முதல் வரியிலேயே "இந்த மரங்களை அனுமதியின்றி வெட்ட முடியாது" என்று எழுதத் தொடங்கினேன். இரண்டொரு விற்பனையாளர்கள் முறுகினார்கள். கிரஹாம் எனக்காகக் கதைத்தார். நான் ஓய்வு பெறும்வரை அந்த வரி நின்றது. முதலிலேயே செய்திருக்கக்கூடிய வேலை, ஒரு நிமிடமும் எடுக்காது.

6. கன்று நட்டது

கன்று நடும்போது நானும் வரட்டுமா என்று யோகராசா அண்ணையைக் கேட்டேன். "வாறதெண்டால் வாங்கோ," என்றார். முன்பு தங்கச்சி என்றவர் இப்போது அந்தச் சொல்லை விட்டிருந்தார்.

வெட்டிய அடிக்கட்டைகளுக்கு இடையில் அவர் குழி தோண்டினார். நான் கன்றைப் பிடித்தேன். முழங்கை உயரம்கூட இல்லாத கன்றுகள். மான் கடிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டினோம். மத்தியானம் வரை இப்படியே வேலை செய்தோம். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்.

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அண்டைக்கு நான் தமிழில கேளாமல் இங்கிலீசில கேட்டிருந்தால் சொல்லியிருப்பியளோ?"

"தெரியாது அண்ணை," என்றேன்.

அது பொய்.

ஏலத்தன்று காலை, யோகராசா அண்ணையும் மலர் அக்காவும் வருவதற்கு அரை மணித்தியாலம் முன்பு, ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இதே லொட்டைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். காட்டுக்குள் கபின் என்கிற சின்ன மரவீடு ஒன்று போடலாமா என்றுதான் அவர்களும் கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டு, "அந்த ஓக் எல்லாம் தடையில் இருக்கிறது, தொண்ணூறாம் பக்கத்துக்குப் பிறகு பாருங்கள்," என்று சொன்னேன். கிரஹாம் அப்போதும் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, அந்த லொட்டைக் கேட்காமலே போனார்கள். அவர்களுக்குச் சொன்னால் என்னை ஒருவரும் சந்தேகிக்கமாட்டார்கள். அதனால் விதி எனக்கு ஞாபகம் வரவில்லை. என் ஆளென்று கண்டதும் ஞாபகம் வந்தது.

இதை நான் கடிதத்தில் எழுதவில்லை. கன்று நட்ட அன்றும் சொல்லவில்லை. போன வருடம் யோகராசா அண்ணை போய்விட்டார். இனி அவருக்குச் சொல்ல வழியில்லை. மலர் அக்கா இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கந்தோர் விதியைக் காப்பாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதே விதியை நீங்கள் ஆருக்குத் தளர்த்துகிறீர்கள், ஆருக்கு இறுக்குகிறீர்கள் என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். நான் பார்க்கவில்லை.