டயர் இல்லாத போகி

நான் திருநெல்வேலி. எங்கள் பக்கம் போகிக்குப் பெரிதாக எதையும் எரிப்பதில்லை. என் கணவர் செங்கல்பட்டுக்காரர். விடிவதற்கு முன் தீ எரிந்தால்தான் அவருக்கு அது போகி. டெல்லி ஜனக்புரியில் குடியேறிய முதல் வருடம், ஃபிளாட்டுக்குக் கீழே பழைய பாயையும் தலையணையையும் குவித்துக் கொளுத்தினார். "இந்தப் பஞ்சாபிங்களுக்கு சாயங்காலம் லோடிப் பண்டிகை, நமக்குக் காலைல போகி. எல்லாம் ஒரே தீதான்" என்றார். பனியில் பாய் பற்றவில்லை. ஊரில் செய்வதுபோல ஸ்கூட்டரின் பழைய டயரை அதன்மேல் போட்டார்.

கரும்புகை எழுந்த கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்துகொண்டு வந்தார். தனியாக வாழ்ந்த சர்தார்னி, சீக்கியப் பெண். கையில் வாளி. தண்ணீரை டயரின்மேல் ஊற்றிவிட்டு, மூச்சு சீராகும்வரை படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "விறகு போடுங்க பேட்டா. டயர் வேண்டாம்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானம் என் மகளுக்கு ரேவடி மிட்டாய் கொண்டுவந்தார். பிரதமரைச் சுட்டுக் கொன்றதற்குப் பழியாகச் சீக்கியர்களைத் தாக்கிய எண்பத்து நாலு நவம்பரில், அவருடைய கணவரையும் கணவரின் தம்பியையும் ஒரு கும்பல் கழுத்தில் டயரை மாட்டி எரித்ததை அப்போது சொன்னார். காலையில் நடந்ததற்கு எனக்கு ஒரு விளக்கம் தரவேண்டும் என்று நினைத்தார்போல. மாலையில் மற்றவர்களோடு நின்று லோடித் தீயில் வேர்க்கடலை போட்டார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இப்படி நேர்ந்திருந்தால் அடுப்புப் பக்கமாவது போவேனா என்று தோன்றியது.

அதற்கப்புறம் நான் கடைக்குப் போகும்போதெல்லாம் மகளை அவரிடம்தான் விட்டுப்போவேன்.

சில மாதங்கள் கழித்து, எண்பத்து நாலைப் பற்றி விசாரிக்கப் புதிதாக ஓர் ஆணையம் போட்டிருந்தார்கள். ஆன்ட்டியின் வாக்குமூலத்தை ஒரு வக்கீல் ஆங்கிலத்தில் தயார் செய்திருந்தார். கொடுப்பதற்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. "நீ இங்கிலீஷ் படிச்சவ. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுச் சொல்வியா?" என்று கேட்டார்.

கணவருக்கு விருப்பமில்லை. "சென்ட்ரல் கவர்மென்ட்ல இருக்கேன். நமக்கு எதுக்கு இந்த பாலிடிக்ஸ்? குழந்தைய எங்க விடுவ?"

"ஆன்ட்டிகிட்டதான் விடுவேன். அவங்களே வராங்களே" என்றேன். நானும் ஆன்ட்டியும் மகளைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் கிளம்பினோம். எனக்கும் தைரியமெல்லாம் இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் காதில் விழக்கூடிய பேச்சா இது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

வக்கீல் இளைஞர், தலைப்பாகைக்காரர், காசு வாங்காமல் வேலை செய்பவர். காகிதத்தை நான் வரிவரியாக இந்தியில் சொன்னேன். முதல் பத்தியிலேயே 'கலவரத்தின்போது' என்று இருந்தது. வக்கீல் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்; அந்த வார்த்தை ஆன்ட்டிக்கு ஆகாது, அதைத் தாண்டிப் போ என்று அர்த்தம். தாண்டியிருந்தால் ஆன்ட்டி கையெழுத்துப் போட்டிருப்பார், வேலை முடிந்திருக்கும். என் பேச்சால் அவர் கையெழுத்துப் போடாமல் திரும்பினால், இத்தனை வருடம் காத்திருந்தது வீணாகிவிடுமே என்றும் பயம். ஆனாலும் படிக்கத்தானே கூட்டிவந்தார். கலவரம் என்பதற்கு இந்தியில் "தங்கா" என்று உள்ளது உள்ளபடி சொன்னேன்.

ஆன்ட்டி கையை உயர்த்தினார். "தங்கான்னா ரெண்டு பக்கமும் அடிச்சுக்கணும். நாங்க யாரை அடிச்சோம்? நாங்க அடிச்சவன்னு ஒரே ஒரு பேர் எழுது. எழுதிட்டு தங்கான்னு போடு."

"ஆன்ட்டி, சர்க்கார் ஃபைல் எல்லாத்துலயும் இந்த வார்த்தைதான். உங்களுக்குக் குடுத்த நிவாரண கார்டுலயே அப்படித்தான் இருக்கு" என்றார் வக்கீல்.

"கார்டு அவங்க எழுதினது. இது நான் எழுதறது. கத்ல்-ஏ-ஆம்னு போடு." கூட்டமாகக் கொன்று குவிப்பது என்று அர்த்தம்.

வக்கீல் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். "இனப்படுகொலைன்னு நான் வெளில மைக்ல சொல்றேன் ஆன்ட்டி. இங்க போட்டா, அரசியல் பேச வந்திருக்காங்கன்னு மத்ததையும் நம்ப மாட்டாங்க. நம்ம சட்டத்துல அப்படி ஒரு குற்றமே தனியா கிடையாது. 'நவம்பர் நிகழ்ச்சிகள்'னு போடலாமா?"

"நிகழ்ச்சியா? கல்யாணமா நடந்தது?"

வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மகளும் காரணம் தெரியாமல் சிரித்தாள். ஆன்ட்டி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. என்ன செய்வது என்று தெரியாமல், "பேரே வைக்க வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதினா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும், அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது.

ஆன்ட்டி குழந்தையின் தலையைத் தடவினார். "அச்சா. எழுது. சீக்கியர் வீடு எதுன்னு விசாரிச்சு வந்தாங்க. அந்த வீட்டை மட்டும் உடைச்சாங்க. ஆம்பளைங்களை வெளியே இழுத்து எரிச்சாங்க. போலீஸ் நின்னு பார்த்தது. இதுக்கு என்ன பேர்னு அவங்களே வைக்கட்டும்."

"அடிச்சுத் திருத்தின காகிதம், ஏத்துக்காம போகலாம்" என்றார் வக்கீல். திரும்ப டைப் அடிக்க நேரமில்லை.

"ஏத்துக்கலைன்னா திருப்பி அனுப்பட்டும். நானா பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

'கலவரம்' என்று இருந்த இடமெல்லாம் வக்கீல் அடித்தார். ஆன்ட்டி சொன்னதை நான் மேலே ஆங்கிலத்தில் எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் ஆன்ட்டி நிதானமாகப் பஞ்சாபியின் குர்முகி எழுத்தில் தன் பெயரை எழுதினார்.  

காகிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அறிக்கை வெளிவரப் பல வருடங்கள் ஆயின. நாடாளுமன்றத்தில் பிரதமர் வருத்தம் தெரிவித்த அன்று ஆன்ட்டி எங்கள் வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி டிவி பார்த்தார். எனக்கு ஆங்கிலத்தில் கேட்டுச் சொல்லும் வேலை.

"நடந்ததுக்குப் பேர் சொன்னாங்களா?"

"இல்ல ஆன்ட்டி. அறிக்கையிலயும் கலவரம்னுதான் எழுதிருக்காங்க."

"என் காகிதம்?"

"அது அவங்ககிட்டதான் இருக்கும்."

"அதுல அந்த வார்த்தை இல்லையே. இருக்கட்டும்" என்று அடுத்த பட்டாணியை எடுத்தார்.

அதற்கடுத்த போகியன்று என் கணவர் குவியலைக் கிளறிப் பார்த்து, ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து ஓரமாகப் போட்டார். எட்டு வயதாகியிருந்த மகள் கேட்டாள்: "ஏன்ப்பா அத போடக் கூடாது?"

அவர் என்னைப் பார்த்தார். இந்த வயதில் சொல்லலாமா என்று அப்போதும் எனக்குத் தயக்கம்தான். அவளைப் படியில் உட்காரவைத்து, அன்று வக்கீல் அறையில் நான் எழுதிய வாக்கியங்களையே, அவளுக்குப் புரிகிற அளவில், ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.