அக்கினி மூலையில் ஓர் ஓட்டை

எங்கள் காம்பவுண்டுச் சுவரின் அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில், ஓர் ஓட்டை இருக்கிறது. பூனை தலை நிமிர்ந்து நடந்து போகலாம். விளிம்பெல்லாம் பிய்த்த தோசை மாதிரி கோணல்மாணல். வீட்டுக்கு வருகிறவர்கள் "இதை ஏனுங்க பூசாம உட்டுட்டீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. பூசுவதாவது! இந்த வீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அதை உடைத்தவர் என் நங்கையா, என் வீட்டுக்காரரின் அக்கா.

நங்கையா மொபெட்டில் பால் ஊற்றியவர். சிங்காநல்லூர்ப் பக்கத்து லே-அவுட்டுகளில் காலையும் மாலையும் அவர் வண்டி போகாத சந்து கிடையாது. கோயம்புத்தூரில் வெள்ளம் வரும் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும், இரண்டு கையும் பறக்கும். மேற்கே மலையில் மழை பிடித்தால் நொய்யல் பெருகும். வாய்க்கால் வழியே ஒரு குளம் நிறையும், அது வழிந்து அடுத்த குளம், அது வழிந்து அதற்கடுத்தது. ஊருக்குள் பெய்வது பள்ளத்தில் இறங்கி ஆற்றுக்குப் போகும். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. அந்த வழியை எல்லாம் மண் கொட்டி மேவி நாம் வீட்டுச் சைட்டுப் போட்டுவிட்டோம். "தண்ணி என்ன பண்ணும் அம்மணி? பழைய அட்ரஸுக்கே வந்து நிக்குது" என்று சிரிப்பார். இன்றும் ஐப்பசி மழையில் சுரங்கப்பாதையில் பஸ் மாட்டிக்கொண்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

நாங்கள் வாங்கிய சைட்டும் அப்படிப்பட்ட அட்ரஸ்தான். நிலம் தென்கிழக்கே சரிந்து, பின்னாலிருந்த காலி இடத்தைத் தாண்டிப் பள்ளத்தைப் பார்த்துக் கிடந்தது. வாஸ்துக்காரர் ஒப்பவில்லை. வடகிழக்கு, ஈசானி மூலைதான் தாழ்ந்திருக்க வேண்டுமாம், தண்ணீர் அந்தப் பக்கம்தான் வெளியேற வேண்டுமாம். லோடு லோடாக மண் கொட்டி, ஈசானியில் ஒரு குழாய் விட்டு, மற்ற மூன்று பக்கமும் சுவரை இறுக்கி அடைத்தோம். தெருவில் எல்லோரும் செய்ததும் இதையேதான்.

சுவர் எழும்பும்போது நங்கையா வண்டியை நிறுத்திப் பார்த்தார். "அக்கினி மூலையில ஒரு ஓட்டை உட்டுப்போடு கண்ணு. தண்ணி அப்படித்தான் போகும்."

"அக்கினியில தண்ணி போனா ஊட்டுப் பொம்பளைக்கு ஆவாதுங்களாமா."

"தண்ணி ஊட்டுக்குள்ள வந்தா ஆருக்கு ஆவுமாம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பால் ஊத்தறவங்களுக்கு வாஸ்து தெரியுமாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். நங்கையா வண்டியைக் கிளப்பினார். பிறகு மூன்று மாதம், கேட்டில் தொங்கும் தூக்குப்போசியில் பாலை ஊற்றிவிட்டு உள்ளே பார்க்காமலே போய்விடுவார். நானும் வீம்பாக இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டது. வீட்டில் நான் மட்டும். புது வீட்டுக்குப் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வாசலைப் பார்த்தவள் திகைத்துவிட்டேன். ஈசானிக் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே போகவில்லை, தெருத் தண்ணீரெல்லாம் அதன் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது! கேட்டுக்கு அடியிலும் அப்படியே. நான்கு சுவருக்கு நடுவே எங்கள் வாசல் தொட்டியாக நிரம்பியது. முதல் படி முழுகியது, இரண்டாவதும் முழுகியது. மூன்றாவதற்கு மேல் வீட்டு நிலைப்படிதான்.

அப்போது பால் கேனோடு நங்கையா வந்தார். வண்டியைத் தெருவில் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகி, முழங்கால் தண்ணீரில் நேரே அக்கினி மூலைக்குப் போனார். கட்டட வேலைக்கு வாங்கிய கடப்பாரை அங்கே சாத்தியிருந்தது. "எட்டி நில்லு கண்ணு!" என்று ஓங்கிக் குத்தினார். பத்துக் குத்தோ பதினைந்தோ, கல் ஒன்று பின்பக்கம் விழுந்தது. அவ்வளவுதான், தண்ணீர் ஓவென்று பாய்ந்தது பாருங்கள்! ஓட்டையைத் தானே அகலமாக்கிக்கொண்டு, காலி இடத்தைக் கடந்து, நேராகப் பள்ளத்துக்கு! மூன்றாவது படியை நனைத்த தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. நான் குழந்தை மாதிரி கைதட்டினேன், அழவும் செய்தேன்.

"மன்னிச்சுக்கோங்க நங்கையா" என்றேன்.

"பால் ஊத்தறவளுக்கு வாஸ்து தெரியாதுங்கம்மணி. எந்தத் தெருவுல வண்டி முழுகி நிக்கும்னு தெரியும்" என்றார். பிறகு காப்பி கேட்டார்.

நங்கையா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. பின்னாலிருந்த காலி இடத்தைச் சமீபத்தில் ஓர் இளம் தம்பதி வாங்கினார்கள். போன வாரம் அவர்கள் சுவர் எங்கள் ஓட்டையை அடைத்தபடி எழும்பியது. என்னால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. ஓடிப்போய், தண்ணீர் வந்த உயரத்தைக் கையால் காட்டி, முழுக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னேன். கைகள் என்னை அறியாமல் பறந்தன. அந்தப் பெண் ஆச்சரியமாகக் கேட்டாள்: "நீங்க இன்ஜினியருங்களா?"

"இல்லீங்க" என்றேன். "பால் ஊத்தறவங்க ஊட்டுப் பொண்ணுங்க."

மறுநாள் அவர்கள் மேஸ்திரி எங்கள் ஓட்டைக்கு நேராக ஓர் ஓட்டையும், பள்ளத்துப் பக்கச் சுவரில் இன்னொன்றும் விட்டார். நான் அக்கினி மூலையில் குனிந்து பார்த்தேன். மூன்று ஓட்டைகளுக்கும் அந்தப் பக்கம் பள்ளம் தெரிந்தது.