கோடு வந்தா சொல்லு

எங்கள் ஊரில் நேரான சாலை கிடையாது. செண்பகனூர் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் வருவது ஒரு வளைவு. மேலே போனால் கொடைக்கானல் ஏரி. அதையும் சுற்றித்தான் வர வேண்டும். கீழே இறங்கினால் பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று அடிவாரத்துக் காட்ரோடு வரும்வரை ஸ்டியரிங்குக்கு ஓய்வில்லை. ஒரு வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க நேர்ச்சாலை வேண்டும். அது இல்லாத ஊரில், என் வண்டி இழுக்கிறது என்று ஒரு டிரைவர் சொன்னால், இல்லை என்று யாரும் நிரூபித்துவிட முடியாது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இந்த ஒரு வசதியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீடு சில மாதங்கள் நிம்மதியாக இருந்தது.

அப்பா டூரிஸ்ட் வண்டி ஓட்டினார். வண்டி ஓனருடையது. துடைப்பதும் சூடம் காட்டுவதும் திட்டுவதும் அப்பா. அந்தக் குளிர்காலத்தில் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. மலை ஏறும்போது பல இடங்களில் பள்ளமும் இடது பக்கம்தான். ஒரு நாள் ஊத்துக்கு மேலே, பின்னிருக்கையில் ஒரு புதுமணத் தம்பதி உட்கார்ந்திருக்க, இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. பக்கக் கண்ணாடி தடுப்புச் சுவரில் உரசி உடைந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சும்மா விடுவார்களா? "அண்ணே, உங்க வண்டிக்குப் பள்ளத்துல சொந்தக்காரங்க இருக்காங்க போல. எட்டி எட்டிப் பாக்குது" என்றாராம் ஒருவர். ஓனர் தானே வண்டியை எடுத்து ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எனக்கு ஒண்ணும் இழுக்கலையேப்பா" என்றாராம். அப்பா அன்று இரவு சாப்பிடும்போது இதை எங்களுக்கு நடித்தே காட்டினார்.

"ஏரியச் சுத்துனா எப்பிடிங்க தெரியும்னு கேட்டேன். ரோடே வளைவு. அதுல இழுக்குறது எது, திருப்புறது எது? மனுசனுக்கு வாயடைச்சுப் போச்சு."

ஓனருக்குப் பதில் இல்லாமல் போனது உண்மை. ஓனர்களுக்குப் பதில் தேவைப்படுவதில்லை என்பதும் உண்மை. சித்திரையில் சீசன் தொடங்கும். அதற்குள் வண்டியைச் சரிசெய்தால் அப்பா ஓட்டலாம். இல்லையென்றால் வண்டி வேறு டிரைவருக்குப் போகும். சீசனில் ஓட்டுவதை வைத்துத்தான் மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இதை அப்பா நடித்துக் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில், சவாரியும் இல்லாமல் வண்டியை எடுத்தால், என்னையும் ஏற்றிக்கொள்வார். முன்னால் இடது பக்க இருக்கை என்னுடையது. அங்கிருந்து பார்த்தால் சாலையின் ஓரத்து வெள்ளைக் கோடு நன்றாகத் தெரியும். அதை வைத்தே எனக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்.

"கோடு வந்தா சொல்லு ஆத்தா."

கோடு சக்கரத்தை நெருங்கியதும் "கோடுப்பா!" என்று கத்துவேன். அவர் வண்டியை நடுவுக்குக் கொண்டுவருவார். எனக்கு ஒரே பெருமை. என் வகுப்பில் வேறு யாருடைய அப்பாவும் மகளைக் கேட்டு வண்டி ஓட்டவில்லை.

வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கான காரணங்களை எனக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு பக்க டயரில் காற்றுக் குறைவது. டயர் ஓரமாகத் தேய்வது. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே திசையைப் பார்க்காமல் இருப்பது. அதற்குப் பெயர் அலைன்மென்ட். காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அடியில் இருக்கும் ரப்பர் புஷ் நைந்துபோவது. கடைசியாக, சாலையே ஒரு பக்கம் சரிந்திருப்பது. காற்றைப் பார்த்தாயிற்று. பிரேக்கைக் கழற்றி மாட்டியாயிற்று. புஷ் புதிது. வண்டி கேட்கவில்லை.

வண்டியோடு மல்லுக்கட்டி அப்பாவின் உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பள்ளி விடுதிச் சமையலுக்கு அம்மா வெள்ளனே கிளம்பிவிடுவாள் என்பதால், எனக்கு இரட்டைச் சடை போடுவது அப்பாதான். ஊரிலேயே இறுக்கமான சடை என்னுடையது என்று பெயர். அந்த மாசி மாதத்தில் என் சடைகள் பஸ் ஏறுவதற்குள் அவிழ்ந்தன. ரிப்பனின் ஒரு முனை அப்பாவின் இடது கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. டீ டம்ளரும் நழுவியது. நடக்கும்போது இடது காலில் செருப்பு கழன்று நின்றுவிடும். அது தெரியாமலே நாலு எட்டுப் போய்விடுவார். நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

"கிளச்ச மிதிச்சு மிதிச்சுக் காலு மரத்துப் போச்சு ஆத்தா" என்பார்.

"அந்த ஓட்ட வண்டி உங்கள முழுசாத் தின்னுட்டுத்தான் விடும்" என்பாள் அம்மா. "வலப்பக்கமே பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா கை என்னத்துக்கு ஆகும்? இந்த சீசன் முடியட்டும், வேற வண்டி பாருங்க." தைலத்தைச் சூடாக்கி அவர் தோளில் தேய்த்துவிடுவாள். தேய்த்துக்கொண்டே வண்டியைச் சபிப்பாள். எல்லாவற்றுக்கும் பொருத்தமான காரணம் வெளியே ஷெட்டில் நின்றுகொண்டிருந்ததால், நாங்கள் வேறு எங்கும் தேடவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, அங்கே அலைன்மென்ட் பார்க்கும் பட்டறையில் வேலை செய்தார். வழி முழுவதும் "கோடுப்பா" என்று கத்தி, காட்ரோடு வரும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சித்தப்பா வண்டியை மேடையில் ஏற்றி அளந்தார். "சக்கரம் நூல் பிடிச்ச மாதிரி நிக்குதுண்ணே" என்றார்.

"அப்ப டயருதாண்டா."

"மாத்திப் பாத்துருவோம்." இடது முன்டயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார். டயர் காரணமாக இருந்தால் இனி வலப்பக்கம் இழுக்க வேண்டும் என்று எனக்கும் விளக்கினார். அப்பா ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கமே இழுத்தது. அப்பாவின் முகத்தில் கிட்டத்தட்ட ஒரு வெற்றி இருந்தது. "நான் சொன்னேன்ல. அடியில சேஸ் சட்டமே கோணிக் கெடக்குதுடா. ஓனர்ட்ட நீயே சொல்லு."

"ஏண்ணே, வெரசா முடிவு கட்டாதீங்க. நான் ஒருக்கா ஓட்டுறேன்."

காட்ரோட்டுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவில் தென்னந்தோப்புகளுக்கிடையே சாலை நேராகப் போகும். அவ்வளவு நீளமான நேர்க்கோட்டை நான் அதற்கு முன் காகிதத்தில்தான் பார்த்திருந்தேன். சித்தப்பா ஓட்டினார். அப்பா பக்கத்தில். நான் பின்னால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கைய எடுத்துட்டேன் பாருங்கண்ணே" என்று சித்தப்பா இரண்டு கைகளையும் தூக்கினார். வண்டி போனது. கோடு அதன் இடத்திலேயே இருந்தது. தென்னைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விலகிப் போயின.

"ரோடு வலப்பக்கம் சரிஞ்சிருக்கும். திரும்பிப் போ" என்றார் அப்பா. திரும்பிப் போனோம். கையை எடுத்தார். வண்டி நேராகப் போனது.

"இன்னொருக்கா."

இன்னொரு முறையும் நேராகவே போனது.

சித்தப்பா ஓரங்கட்டி இறங்கி, அப்பாவை ஓட்டச் சொன்னார். தான் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார். வண்டி கோட்டை நோக்கிச் சாய ஆரம்பித்ததும் நான் பழக்கத்தில் "கோடுப்பா!" என்றேன். சித்தப்பா சாலையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இடது கைய எடுங்க. வலது கை மட்டும் போதும்."

வண்டி நேராகப் போனது.

"இப்ப வைங்க."

இடது கை ஸ்டியரிங்கின் மேல் வந்தது. அது பிடிக்கவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போட்டதுபோலத் தொங்கியது. அதன் கனத்தில் ஸ்டியரிங் மெல்ல இடப்பக்கம் இறங்கியது. கோடு எங்களை நோக்கி வந்தது. இந்த முறை நான் கத்தவில்லை, ஏனென்றால் எனக்கு விடை தெரிந்துவிட்டது.

நான் இப்போது வண்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நேரான தளத்தில் வண்டியை ஓடவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, எவ்வளவு விலகுகிறது என்று அளப்பது. விலகினால் தேட வேண்டிய காரணங்களுக்கு எங்களிடமும் ஒரு வரிசை உண்டு, அப்பாவுடையதைவிட நீளமானது. ஓட்டுபவரின் கை அதில் இல்லை. கையை எடுத்த பிறகுதான் சோதனையே தொடங்குகிறது என்பதால், அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று நான் கைதட்டினேன். "அப்ப ஒத்தக் கையில ஓட்டுங்கப்பா! நேராப் போகுதுல்ல!"

அப்பா வண்டியை நிறுத்தினார். "கியரு யாரு ஆத்தா போடுவா?"

"நான் போடுறேன்ப்பா. பக்கத்துலதான உக்காருவேன்."

சித்தப்பா கதவைத் திறந்து இறங்கி, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நடந்தார். அந்த இடத்தில் தோப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போய் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்து, அப்பா பக்கத்துக் கதவருகே நின்று தன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் நெருக்கிப் பிடிங்கண்ணே. பலமா."

அப்பா பிடித்தார்.

"இடதும்ணே."

"பிடிச்சுத்தாண்டா இருக்கேன்."

அவர்கள் அப்படியே வெகுநேரம் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுச் சந்தையில் விலை படிந்தவர்கள்போல இருந்தது எனக்கு.

மலை ஏறும்போது சித்தப்பா ஓட்டினார். அப்பா என் இருக்கையில் உட்கார்ந்தார். என்னைப் பின்னால் அனுப்பிவிட்டதில் எனக்குக் கோபம். டம்டம் பாறை வரை பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அது எனக்குச் சந்தோஷத்தையே தந்தது. வண்டி ஓனருடையது. அதில் கோளாறு என்றால் பெரிய செலவு, பெரிய பேச்சு, சீசன் போய்விடும். கை நம்முடையது. அம்மாவிடம் தைலம் இருக்கிறது. கோபம் தீர்ந்து முன்னால் எட்டி அப்பாவின் தோளைத் தொட்டுச் சொன்னேன்: "இன்னைக்கு நீங்கதான் அந்த சீட்டு. கோடு வந்தா சொல்லணும்."

"சொல்றேன் ஆத்தா" என்றார்.

கோடு வரவே இல்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவுகளில் அவருடைய வலது கால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தியது.

தலைக்குள் வலது பக்கத்தில் ஒன்று வளர்ந்தால் தளர்வது இடது பக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மதுரையில் தலையைப் படம் எடுத்தார்கள். அந்த சீசனில் அப்பா கட்டிலில் இருந்தார். அடுத்த சீசனில் கட்டில் காலியாக இருந்தது. வண்டியை வேறொருவர் ஓட்டினார். அது அவருக்கு இழுக்கவில்லை.

அன்று செண்பகனூரில் வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். வண்டி நின்றதும் நான் குதித்து ஓடினேன். எனக்கு முன்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது.

"வண்டியில ஒண்ணுமே இல்லம்மா! டயரு, பிரேக்கு, அலைன்மென்ட் எல்லாம் கரெக்டு. அப்பா கைதாம்மா இழுக்குது!"

அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி பாதியில் நின்றது. அவள் என் தலைக்கு மேலாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கக் கதவு திறந்தது. அப்பா அந்தப் பக்கமாக இறங்கினார். சித்தப்பா சுற்றி வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, உள்ள வாங்க, பேசிக்குவோம்" என்றார் சித்தப்பா.

அம்மா அசையவில்லை. அப்பா படியருகே வந்த பிறகுதான் நான் கவனித்தேன், அவருடைய இடது காலில் செருப்பு இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னிருக்கைக்குக் கீழே கிடந்தது. எடுத்து வந்து அவர் காலடியில் போட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகிய பிள்ளையல்லவா.

"ஏம்ப்பா, இன்னைக்கு வரும்போது நீங்க கிளச்சே மிதிக்கலையே. அப்புறம் எப்பிடிக் கழண்டுச்சு?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று, பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.